வலது கண்ணுக்கு நூற்று எழுபது, இடது கண்ணுக்குப் பத்து

அன்பு மகன் சலீமுக்கு, அம்மா எழுதுவது. உனக்கு என் சலாம். வீட்டில் எல்லோரும் நலமா என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அத்தாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. எனக்குக் கோபம் குறையவில்லை. வெளிநாட்டில் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நீ பம்பாய்க்குக் கிளம்பிய மறுநாள் ரேடியோவைத் துடைக்கப் போனேன். அதற்குப் பின்னால் கையை விட்டால் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் உன் கண்ணாடி. அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருந்தால் ஜன்னலில் கிடந்திருக்கும், இல்லாவிட்டால் உன் தலையணைக்கு அடியில் நசுங்கியிருக்கும். மறந்துபோன பொருளை யாராவது பளபளவென்று துடைத்து, மடக்கி, கைக்குட்டையில் சுற்றி, ரேடியோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்களா? ஏண்டா, பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாது என்றா நினைத்தாய்?

நீ கிளம்புவதற்கு முந்தின வாரமெல்லாம் வீட்டில் ஒரே ஈயும் எஃப்பும்தான். தண்ணீர் இறைக்கும்போது, சட்டைக்கு இஸ்திரி போடும்போது, சோற்றைப் பிசையும்போதுகூட, “ஈ… எஃப் பி… டி ஓ இஸட்… எல் பி ஈ டி” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாய். பக்கத்து வீட்டு ஜைனம்பு என்னவென்று கேட்டதற்கு, “என் புள்ள இங்கிலீஷு படிக்கிறான், போற எடத்துல பேசணுமில்ல” என்று நான் வேறு பீற்றிக்கொண்டேன். நேற்று உன்னோடு லாரியில் கிளீனராக இருந்த சேகர், எக்கியார்குப்பத்துப் பிள்ளை, நீ இரவல் வாங்கியிருந்த கேசட்டை எடுத்துப்போக வந்தான். அவனிடமும் உன் இங்கிலீஷ் பெருமையைப் பேசினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

“அய்ய, அது இங்கிலீஷு இல்லம்மா. கண்ணு டெஸ்டு பண்ற போர்டு. முன்னாடி போய்ட்டு வந்த பசங்க அதுல இருக்கிற எழுத்தெல்லாம் பாத்துட்டு வந்து சொல்லிட்டாங்க. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒப்பிச்சா பாஸு.”

“அப்ப கண்ணாடி?” என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“கண்ணாடி போட்ட டிரைவர எடுக்க மாட்டாங்கன்னு ஏஜண்டு சொல்லிட்டானாம். நான் சொன்னேன்னு அவங்கிட்ட சொல்லிடாதீங்கம்மா.”

சொல்லிவிட்டேன். அவன்மேல் கோபப்படாதே, அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உனக்குக் கண் பரிசோதனை வருகிற திங்கட்கிழமை என்று எனக்குத் தெரியும். துணிக்கடை காதர் மாமா சரக்கு எடுக்க நாளைக்கே பம்பாய் போகிறார். இந்தக் கடிதமும் உன் கண்ணாடியும் டாக்டர் எழுதிக்கொடுத்த தாளும் அவர் கையில் வரும். அவர் முன்னாலேயே பிரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவரிடமே சொல்லி அனுப்புகிறேன். அதற்காக வெட்கப்பட்டால் படு.

உன் ஞாபகசக்தியைப் பற்றி நான் உன்னிடம் ஒருநாளும் குறைவாகப் பேசியதில்லை. ஏழெட்டு வயதில் நீ மதரஸாவுக்குப் போனபோது ஹஜ்ரத் ஒருநாள் வாசல்வரை வந்து சொன்னார்: “மத்த புள்ளங்களுக்குப் பத்து தடவ சொல்லணும்மா. இவனுக்கு ஒரு தடவ ஓதிக் காட்டினா போதும், அப்படியே புடிச்சுக்கிறான்.” எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்றைக்கு உனக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், வாய்ப்பாடு, மனப்பாடப் பாட்டு எல்லாம் காதால் கேட்டே ஒப்பித்தாய். நீ வளர்த்தி என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கரும்பலகையில் எழுதிப்போடுகிற கணக்கை மட்டும் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதி அடி வாங்குவாய். வாயால் சொல்வதையெல்லாம் பிடித்துக்கொள்கிற பிள்ளை எழுதிப்போட்டதை மட்டும் ஏன் காப்பி அடிக்கிறான் என்று வாத்தியார் கேட்கவில்லை, அத்தா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அப்படி மசமசவென்றுதான் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய், பாவம்.

அப்புறம் செக்போஸ்ட் சங்கதி. அதை நீ மறக்க நினைக்கிறாய், நான் விடமாட்டேன். போன வருஷம், விடிந்தும் விடியாத நேரம், உப்பு லோடோடு பாண்டிச்சேரிப் பக்கம் போனபோது ரோட்டின் குறுக்கே இறக்கியிருந்த தடுப்புக் கம்பத்தை இடித்துத் தள்ளிவிட்டாய். கம்பம் இரண்டாக உடைந்தது. கம்பத்தில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மனுஷன் டம்ளரைப் போட்டுவிட்டு எகிறிக் குதித்ததால் பிழைத்தான். நீ தூங்கிவிட்டாய் என்றார் முதலாளி. ராத்திரி சினிமாவுக்குப் போயிருப்பாய் என்றார் அத்தா. நீ மட்டும் என்னிடம் வந்து, “தூங்கலம்மா. ரெண்டு பக்கத்துத் தூணும் தெரிஞ்சுது. நடுவுல கம்பம் இருந்ததுதான் தெரியல” என்றாய். அதைக் கேட்டுத்தான் நான் அத்தாவிடம் சண்டைபோட்டு உன்னைப் பாண்டிச்சேரிக்குக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை பஸ் ஸ்டாண்டில் வைத்து அத்தா பிரித்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து வராது, எண் வரும். “ரெண்டேகாலு… ஒண்ணேகாலு… இதெல்லாம் பரவால்ல” என்று விரலை நகர்த்திக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “யா அல்லா! நூத்தி எழுவதுன்னு போட்டிருக்குது!” உப்பளத்து மேஸ்திரிக்கு எண் என்றால் ஒன்றே ஒன்றுதான். பாத்தித் தண்ணீரில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய மனுஷன். எண் ஏறினால் காட்டம் ஏறியது என்று அர்த்தம். “கடல் தண்ணி மூணுல நிக்கும். இருவத்தஞ்சுல உப்பு பூக்கும். முப்பதத் தாண்டினா கசப்பு, ஒண்ணுத்துக்கும் ஆவாது, தொறந்து வுட்டுடுவோம். நூத்தி எழுவதுன்னா அந்தக் கண்ணுல இன்னா மிச்சம் இருக்கும்?” என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். இடது கண்ணுக்கு நேராகப் பத்து என்று இருந்தது. “எடது கண்ணு தப்பிச்சுது, வலதுதான் போச்சு” என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

கண்ணாடி தயாராகிற வரைக்கும் உன் வலது கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று கைக்குட்டையை வைத்துக் கட்டிவிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? வெயிலில் உப்பு வெள்ளை கண்ணில் படக்கூடாது என்று உன்னை அளத்துப் பக்கமே விடவில்லை. தினமும் ஆட்டு ஈரல். ஒற்றைக் கண்ணோடு நீ கடைத்தெருவுக்குப் போக, யார் அடித்தார்கள் என்று கேட்காத ஆள் இல்லை. இன்றைக்கு நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை, தொழுகைப் பாயில் உட்கார்ந்து அழுதேன். அந்தத் தாளை அன்றோடு சரி, அப்புறம் நீ கையால் தொட்டதே இல்லை.

கண்ணாடியை வாங்கப் போன அன்று முதலாளி கூப்பிட்டு அனுப்பினார் என்று நீ அங்கே போய்விட்டாய். நானும் அத்தாவும்தான் போனோம். அத்தா அந்தக் கடைக்காரரிடம், “கண்ணாடி போட்டா நூத்தி எழுவது எவ்ளோ கொறையும்?” என்று கேட்டார். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்காமல் ஒரு ஸ்கேலை எடுத்து மேஜைமேல் படுக்க வைத்தார், அந்த மரியாதைக்காக அவர் நன்றாக இருக்க வேண்டும். “இது அளவு இல்லிங்க பாய், தெசை. ஸ்கேல் படுத்திருக்குதா? இந்தப் பக்கம் துளி தூக்கினா பத்து. அந்தப் பக்கம் துளி தூக்கினா நூத்தி எழுவது. ரெண்டும் ஒரே சாய்வுதான். புருவம் ரெண்டும் ரெண்டு பக்கமா சாயறதில்லையா, அப்படி.” அத்தா ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப வலது கண்ணு போவலையா?” “ரெண்டு கண்ணும் ஏறக்குறைய ஒண்ணுதாங்க.” வெளியே வந்ததும் அத்தா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். கல்யாணம் ஆன நாளாக அந்த மனுஷன் ரோட்டில் நின்று எனக்கு எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. உன்னிடம் வந்து, “ஒண்ணுமில்லடா, போட்டுக்கோ” என்று மட்டும் சொன்னார். தான் தப்பாகப் படித்ததைச் சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் நீ இன்னும் அந்த நூற்று எழுபதை மனசில் வைத்துக்கொண்டு திரிகிறாய் என்று எனக்குச் சந்தேகம்.

ஆகவே தாளைப் பிரித்து வைத்துக்கொள். பயப்படாமல் பார். மேல் வரிசை வலது கண், கீழ் வரிசை இடது கண். முதலில் இருக்கிறது மைனஸ் இரண்டு புள்ளி இரண்டு ஐந்து. மைனஸ் என்றால் நஷ்டம் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மைனஸ் என்றால் கிட்டத்தில் தெரியும், தூரத்தில் தெரியாது, அவ்வளவுதான். என் கண்ணாடி பிளஸ் ஒன்று புள்ளி ஐந்து. அதற்காக நான் லாபத்தில் இருக்கிறேனா? அது இல்லாமல் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது, இந்தக் கடிதமும் எழுத முடியாது. சரி, இரண்டேகால் என்றால் எவ்வளவு? ஒரு மீட்டரை அந்த எண்ணால் வகுக்கச் சொன்னார் கடைக்காரர். வருகிற நீளம் வரைக்கும்தான் உன் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரியும். வகுத்துப் பார்த்தேன், நாற்பத்துநாலு சென்டிமீட்டர் வருகிறது. டேப்பை எல்லாம் தேடாதே. உன் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை, ஒரு முழம். அதற்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் உனக்குக் கலங்கல். இடது கண் மைனஸ் இரண்டு, அதற்கு இன்னும் ஆறு சென்டிமீட்டர் கூட. அதை வைத்துக்கொண்டு லாரி ஓட்ட முடியாது.

இரண்டாவது கட்டத்துக்கு சிலிண்டர் என்று பெயர், அடுப்புக்கு வைக்கிற சிலிண்டர் இல்லை. வலதில் ஒன்றேகால், இடதில் ஒன்று. கண் சரியான உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் கொஞ்சம் அமுங்கியிருந்தால் இது வருமாம். அப்படி இருந்தால் ஒரு திசையில் போகிற கோடு ஓரளவு தெரியும், அதற்குக் குறுக்கே போகிற கோடு கூடுதலாகக் கலங்கும். எவ்வளவு கலங்கும் என்பது இந்த எண். எந்தத் திசையில் கண்ணாடியைத் திருத்த வேண்டும் என்பதுதான் மூன்றாவது கட்டம், அத்தாவை அழவைத்த நூற்று எழுபதும் பத்தும். உன் கண்ணுக்கு நிற்கிற கோடு தேவலை, படுத்திருக்கிற கோடுதான் மோசம். அதனால்தான் செக்போஸ்டில் தூண் இரண்டும் தெரிந்து கம்பம் தெரியவில்லை. கடைக்காரர் இதைச் சொல்லி முடிக்கவில்லை, நீ பொய் சொல்லவில்லை, தூங்கவும் இல்லை என்று அங்கேயே அத்தாவின் கையைப் பிடித்துச் சொன்னேன்.

கீழே அறுபத்திரண்டு என்று இருப்பது இரண்டு கருவிழிக்கும் நடுவில் உள்ள தூரம், மில்லிமீட்டரில். அது நோய் இல்லை, சட்டைக்குத் தோள் அளவு எடுக்கிற மாதிரி. போகிற ஊரில் கண்ணாடி உடைந்தால் இந்தத் தாளைக் காட்டு. புதுசு வந்ததும் அதைப் பேப்பருக்கு மேல் பிடித்துப் பார், எழுத்து சிறுத்துத் தெரிந்தால் மைனஸ்தான். வலது இடது மாறிப் போட்டுவிட்டால் நேர்க்கோடு கோணலாகத் தெரியும், தலை சுற்றும். அப்போது எண் ஏறிவிட்டது என்று பயந்துபோய்க் கழற்றி வைக்காதே, திரும்பிப் போய்ச் சண்டைபோடு. சண்டைபோட வராவிட்டால் என்னை நினைத்துக்கொள்.

கடைசியாக, தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு ஆறு போட்டு, கோடு போட்டு, கீழே முப்பத்தாறு போட்டிருக்கிறது. நீ கண்ணாடி இல்லாமல் போர்டைப் படித்த கணக்கு அது. நல்ல கண் உள்ளவன் முப்பத்தாறு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதை, நீ ஆறு மீட்டருக்கு வந்த பிறகுதான் பார்க்கிறாய். மிச்சம் முப்பது மீட்டர். லோடு லாரி முப்பது மீட்டரை எவ்வளவு நேரத்தில் தாண்டும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

நீ கண்ணாடி போட்ட முதல் நாள் என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. வாசலில் போட்டுக்கொண்டு அப்படியே அளத்துப் பக்கம் நடந்து போனாய். அத்தாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். ரோட்டு மேட்டில் நின்று கத்துகிறாய்: “அம்மா! குறுக்கு வரப்பு இருக்குதும்மா! பாத்தியெல்லாம் கட்டம் கட்டமா இருக்குது!” பிறந்ததிலிருந்து பார்த்த உப்பளம். இங்கிருந்து பார்த்தால் நீளமாகப் போகிற வரப்பு மட்டும்தான் உனக்குத் தெரிந்திருக்கிறது. கிட்டப் போனால்தான் குறுக்கு வரப்பு காலில் தட்டுமாம். “இத்தினி நாளா அது எங்கடா போயிருந்துது?” என்று அத்தா கேலி பண்ணினார். நீ சிரித்தாய். இருபத்திரண்டு வயசு ஆண்பிள்ளை, உப்பு அம்பாரத்தில் அமர்ந்திருந்த கொக்கை எண்ணிக் காட்டினாய். அந்தச் சிரிப்புள்ள பிள்ளையா கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி ஒளித்து வைத்துவிட்டுப் போவது? எனக்கு வயிறு எரிகிறதடா.

ஏஜண்டு சொன்னது நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி போட்டவனை எடுக்காமலும் போகலாம். அப்படி எடுக்காவிட்டால் எனக்கும் வருத்தம்தான், மறைக்கவில்லை. நீ போய்ச் சம்பாதித்தால் இந்த வீட்டுக்குக் கூரை மாற்றலாம், அத்தாவை உப்பு வெயிலிலிருந்து கூப்பிட்டு உட்கார வைக்கலாம் என்றெல்லாம் நானும் ஆசைப்பட்டவள்தான். ஆனால் போர்டை ஒப்பித்து வேலை வாங்கினால், அந்த வேலையைக் கண்ணாடி இல்லாமல்தானே செய்ய வேண்டும்? ஒருநாள் போட்டுக்கொண்டாலும் பிடித்துவிடுவார்களே. வருஷக்கணக்கில், தெரியாத ஊரில், தண்ணீர் லாரியை வைத்துக்கொண்டு, ஒரு முழத்துக் கண்ணோடு. அங்கேயும் ரோட்டின் குறுக்கே கம்பம் இருக்கும். அதில் சாய்ந்து ஒருவன் டீ குடித்துக்கொண்டிருப்பான். எல்லா ஆளும் எகிறிக் குதிக்க மாட்டான்.

நீ ஒரு வாரம் முணுமுணுத்ததைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது பாடமாகிவிட்டது. இப்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒப்பித்தேன், நீயே சரிபார்த்துக்கொள்: ஈ, எஃப் பி, டி ஓ இஸட், எல் பி ஈ டி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டும் சொல்லிப் பார்த்தேன், ஒரு எழுத்து பிசகவில்லை. திங்கட்கிழமை உனக்குப் பதிலாக நான் வந்து நின்றால் எனக்கும் லாரியைக் கொடுத்துவிடுவார்கள். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், நான் ஓட்டுகிற லாரிக்கு முன்னால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவாயா? யோசித்துப் பார்.

அத்தாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நூற்று எழுபது சங்கதியை எழுதியிருக்கிறேன் என்று முறைத்தார். அப்புறம் கண்ணாடியை வாங்கி, தன் துண்டால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவரே பொட்டலம் கட்டினார். “எழுது, அவங்கிட்ட கண்ணாடி போட்டுக்கினே போவச் சொல்லு” என்றார்.

அதனால் திங்கட்கிழமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் நில். தெரிவதைப் படி, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல். எடுத்துக்கொண்டார்கள் என்றால் ஒரு தந்தி கொடு, தெருவுக்கே நான் பாயசம் வைக்கிறேன். வேண்டாம் என்றார்கள் என்றால் தந்திக்கெல்லாம் செலவு பண்ணாதே, ரயில் ஏறு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த ரோட்டு மேட்டில் நின்று அளத்தைப் பார். குறுக்கு வரப்பில் ஒரு மனுஷன் துண்டை ஆட்டுவார். அது உன் அத்தா. அவ்வளவு தூரத்திலிருந்தே உனக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மா